பிரெஞ்சுக்கு ஒரு கீபோர்டு

அந்த லேப்டாப் முதல் நாளே என்னை உள்ளே விடவில்லை. ஊரப்பாக்கத்தில் நானும் கணவரும் வாடகைக்கு இருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதை வைத்துத் திறந்தேன். ஆபீஸில் ஒரு சீட்டில் பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடித்தேன், தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன். தவறு. இன்னொரு முறை தப்பினால் பூட்டிக்கொள்ளும் என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. வேலையில் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. Q இருக்க வேண்டிய இடத்தில் A இருந்தது. W இடத்தில் Z. M வேறு எங்கோ போய் உட்கார்ந்திருந்தது. பிரான்ஸில் யாரோ பயன்படுத்திவிட்டு அனுப்பிய லேப்டாப் அது. பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தானே தெரியும். நான் அடித்தது நான் நினைத்த எழுத்தே இல்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை.

மூன்றாவது முறை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். திறந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு கீபோர்டுக்கா இவ்வளவு பயம் என்று கேட்கலாம். பயம் கீபோர்டில் ஆரம்பிக்கவில்லை. நான் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ஐந்து வருடம் ரிசப்ஷனில் இருந்தவள். பிரான்ஸிலிருந்து வரும் கூட்டத்தோடு பேசிப் பேசியே பிரெஞ்சு கற்றேன். ரூம் சாவி கொடுப்பதில் ஆரம்பித்து, வயிற்றுப்போக்குக்கு என்ன மாத்திரை என்று சொல்வது வரைக்கும் வந்தது. எங்கள் ஊர்க்காரி போலப் பேசுகிறாய் என்பார்கள். ஆனால் எல்லாம் காதால் வந்த பிரெஞ்சு. எழுத உட்கார்ந்தால், எந்த எழுத்தின் தலையில் எந்தப் பக்கம் சாய்ந்த கோடு போடுவது என்று தெரியாது. கொரோனாவில் ஹோட்டலைக் கொஞ்ச காலம் மூடி எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து புரோகிராமிங் படித்தேன். இரண்டு வருடம் அங்கும் இங்கும் அலைந்த பிறகு, பிரான்ஸில் இருக்கும் சின்னச் சின்ன ஹோட்டல்களுக்கு ரூம் புக்கிங் மென்பொருள் எழுதித் தரும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மொத்தமே பன்னிரண்டு பேர். புரோகிராமும் தெரிந்து பிரெஞ்சும் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அங்கே பிரான்ஸில் எங்களுக்குப் பொறுப்பாக ஒரு அம்மாள் இருந்தார். எல்லாரும் மேடம் என்போம். அவர்தான் என்னை வீடியோவில் இன்டர்வியூ செய்தார். அரைமணி நேரம் பேசினோம், சிரித்தோம். எழுதத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் அப்பா அம்மா நெம்மேலி பக்கம் அடுத்தவர் தோப்பில் சவுக்கு வெட்டியும் கடலைக்காய் பிடுங்கியும் பிழைத்தவர்கள். அண்ணன் ஐடிஐ படித்து, கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் பிளாண்டில் ஆபரேட்டர். வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். ஏதோ ஒரு நாள் யாராவது வந்து, ‘உனக்கு இது தெரியாதே, எழுந்திரு’ என்று சொல்லிவிடுவார்கள் என்ற நினைப்பு வயிற்றில் எப்போதும் இருந்தது.

அந்தப் பிரெஞ்சு கீபோர்டிலேயே ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். பிரெஞ்சு எழுத அது சுகம்தான். கோடு போட்ட எழுத்துகள் எண்களின் வரிசையிலேயே இருக்கின்றன. ஆனால் புரோகிராமுக்கு நிமிடத்துக்கு நாலு தடவை வேண்டியிருக்கும் அடைப்புக்குறிகளை அடிக்க, வலது பக்கத்து Alt விசையைப் பிடித்துக்கொண்டு மேல் வரிசைக்கு விரலை நீட்ட வேண்டும். சும்மா ஒரு எண்ணுக்குக்கூட ஷிப்ட். ஒருநாள் மீட்டிங்கில் மேனேஜர், “உங்க ஸ்க்ரீனைக் காட்டி அந்த ஒரு வரியை மட்டும் மாத்துங்க” என்றார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அடைப்புக்குறிக்காக நான் கீபோர்டில் தடவிக்கொண்டிருந்தேன். ஒருவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், இனி இது வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

பிரெஞ்சு லேப்டாப்பை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டு நம் ஊர் லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டேன். அதில் சர்வதேச அமைப்பு என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒற்றை மேற்கோள் குறியை அழுத்திவிட்டு e அடித்தால் கோடு போட்ட é வரும். அருமையாக இருக்கிறதே என்று பார்த்தால், புரோகிராமிலும் மேற்கோள் குறி உடனே விழாது, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். a என்று தொடங்கும் பெயரை மேற்கோளுக்குள் போடப் போனால் குறி காணாமல் போய் a தலையில் கோடு ஏறிவிடும். அப்படி ஒரு கோட்டைக் கண்டுபிடிக்க முழுக் காலையும் செலவழித்தேன்.

பிறகு இரண்டு அமைப்புகளையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடித்தேன். இப்போது எது ஓடுகிறது என்று திரையின் மூலையில் இரண்டே எழுத்தில் காட்டும். அதைப் பார்க்க மறந்து மறந்து, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை அழித்து அடித்தேன். கடைசியில் பயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கோடே போடாமல் எழுதுவது. மெசேஜ்தானே, பிரான்ஸில் போனில் எத்தனையோ பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. பிரான்ஸில் பள்ளிக்கூட லீவு. பனிமலை ஊர் ஹோட்டல்களில் சனிக்கிழமைதான் பழைய ஆட்கள் போய்ப் புது ஆட்கள் வருவார்கள். அதனால் எனக்கு அன்று வேலை நாள். மறுநாள் அண்ணனின் இரண்டாவது பெண்ணுக்கு ஞானஸ்நானம். நான் லேப்டாப்போடு நெம்மேலிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள் அறையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

மலை ஹோட்டல் ஒன்றில் ஒரே புக்கிங் இரண்டு தடவை ஏறியிருக்கலாம் என்று சந்தேகம். சந்தேகப்பட்டவற்றை எல்லாம் ஒரு பட்டியலாக எடுத்து, ஹோட்டலின் நிஜப் பதிவைத் தொடாமல் எங்களுடைய சோதனைப் பிரதியில் சரிபார்த்தேன். பாதிக்கு மேல் நிஜமான தனித்தனி புக்கிங். ஒரே குடும்பப் பெயரில் அண்ணன் தம்பிகள் இரண்டு ரூம் எடுத்திருந்தார்கள். உண்மையில் இரட்டிப்பாக இருந்தவற்றைச் சோதனைப் பிரதியில் மட்டும் நீக்கினேன். மேடத்தின் ஆபீஸில் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். பட்டியலை அவருக்கு அனுப்பி, கீழே இரண்டே சொல் எழுதினேன்: verifie, supprime. அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மூன்றரை மணிக்கு மேனேஜர் போன் செய்தார். “எங்க இருக்கீங்க? அந்த மலை ஹோட்டல் புக்கிங் பாதியைக் காணோம். இன்னைக்கு சாயங்காலம் வரப்போற ஆளுங்க புக்கிங். அங்க இருக்கற புது ஆள் நீக்கிட்டாராம்.”

“ஏன் நீக்கினார்?” என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே அந்த மெசேஜைத் திறந்தேன்.

அந்த இரண்டு சொல்லின் கடைசி e-யின் தலையில் கோடு இருந்தால், ‘சரிபார்த்தாயிற்று, நீக்கியாயிற்று’ என்று அர்த்தம். கோடு இல்லாவிட்டால் ‘சரிபார், நீக்கு’. வாயால் சொல்லும்போது இரண்டும் வேறு வேறாக ஒலிக்கும், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த மனிதர் என் குரலைக் கேட்கவில்லை. உத்தரவைப் படித்தார், செய்தார்.

“ஏன்னு தெரியல, என்ன குழப்பமோ,” என்றார் மேனேஜர். “அதை அப்புறம் பாப்போம். காலைல எடுத்த பேக்கப் இருக்கு. அந்த சர்வருக்குள்ள போக அனுமதி ரெண்டே பேருக்குத்தான். சீனியர் இப்போ பிளைட்ல இருக்கார். நீங்கதான் பண்ணணும். அங்க மணி நாலானா ஆளுங்க வந்து நிப்பாங்க. நமக்கு எட்டரை.”

சரி என்றேன். அந்த நிமிடம் கரண்ட் போனது. பந்தல்காரர், “லைன்ல ஏதோ ரிப்பேராம், அஞ்சுக்கு மேலதான் வரும்,” என்று வெளியே யாரிடமோ சொன்னார். போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு. பாதியில் இணைப்பு அறுந்தால் புக்கிங்கில் பாதி பழையதும் பாதி காலியுமாக நின்றுவிடும்.

அண்ணன் உள்ளே வந்தான். “இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி கீது? யாருக்காவது இன்னாவது ஆச்சா?”

“வேலைல தப்பு பண்ணிட்டேண்ணா. நல்ல லைன் இருக்கற எடம் வேணும். இப்பவே.”

அவன் பைக் சாவியை எடுத்தான். “நீ வேலை செஞ்ச ஹோட்டலுக்கே போலாம் வா.”

ஈசிஆர் கடற்கரைச் சாலையில் லேப்டாப்பை மார்போடு கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். பனியில் பெட்டி படுக்கையோடு, குழந்தைகளோடு நிற்கும் ஆட்கள்தான் கண்ணில் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பனியே தெரியாது, படத்தில் பார்த்ததுதான். அதனால் இன்னும் மோசமாகத் தெரிந்தது.

ஹோட்டல் ரிசப்ஷனில், முன்பு என்னிடம் வேலை பழகிய பெண் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து, லாபியின் மூலையில் இடம் கொடுத்து வைஃபை போட்டுக் கொடுத்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிலைப் பட்டறையில் மெஷின் கிர்ரென்று கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் ஓடியது.

சர்வரின் ஜன்னல் திறந்தது. அதற்குள் எதையும் காப்பி செய்து ஒட்ட முடியாது, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எல்லாம் கையால்தான் அடிக்க வேண்டும். அதோடு அந்த சர்வர் பிரெஞ்சு அமைப்பில் ஓடுவது. என் விரலுக்குக் கீழே இருப்பது நம் ஊர் கீபோர்டு. நான் A-வை அழுத்தினால் அங்கே Q விழும். பாஸ்வேர்டை முதலில் பெயர் எழுதும் கட்டத்தில் அடித்துப் பார்த்தேன். அங்கே எழுத்து வெளியே தெரியும். அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு, “நான் பாக்கல, நீ அடி,” என்றான். எந்த விசை எந்த எழுத்து என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். அப்புறம் பாஸ்வேர்டை அதன் கட்டத்தில் அடித்தேன். உள்ளே விட்டது.

இப்போது பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் கட்டளை. ஒரே ஒரு வரி. ஹோட்டலின் பெயர், எந்தத் தேதிப் பேக்கப், எங்கே வைக்க வேண்டும். மேனேஜர் போனில் அனுப்பியிருந்தார். தேதியில் ஒரு எண் மாறினால் போன மாதத்து நகல் இன்றையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். தேதிக்காக 2-ஐ அழுத்தினேன். திரையில் é வந்தது.

பிரெஞ்சு அமைப்பில் அந்த விசை அதுதான். கோடு போட்ட அதே எழுத்து, அழகாக, கேட்காமலே வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழித்தேன். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி 2. கழித்தல் குறியை அழுத்தினால் அடைப்புக்குறி விழுந்தது. அதையும் அழித்தேன். அவசரத்தில் ஒரே விசை இரண்டு தடவை விழுந்தது.

“கையை எடு,” என்றான் அண்ணன். “பிளாண்ட்ல பெரிய வால்வு தொறக்கறதுக்கு முன்ன ஒருத்தன் நம்பரைப் படிப்பான், இன்னொருத்தன் அதைப் பாத்து திருப்பிச் சொல்லுவான். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் தொறப்போம். நீ அடி. நான் படிக்கறேன்.”

நான் ஒவ்வொன்றாக அடித்தேன். அவன் மேனேஜர் அனுப்பிய மெசேஜைப் போனில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். நான் திரையில் இருப்பதைத் திருப்பிச் சொன்னேன். நாற்பது ஐம்பது எழுத்து இருக்கும். இரண்டு இடத்தில் மாறியிருந்தது, திருத்தினேன். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தோம். லாபியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்களையே பார்த்தார்கள்.

“எல்லாம் சரியா கீது,” என்றான் அண்ணன். “அழுத்து.”

நான் அழுத்தவில்லை. முடியவில்லை. அழுத்தினால் என்ன ஆகும் என்பது முழுக்க என் கையில் இருந்தது, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான். “வேணும்னா இன்னொரு தபா படிக்கலாம்,” என்றான். மூன்றாவது தடவையும் படித்தோம். அழுத்தினேன்.

ஏழு நிமிடம் ஓடியது. புக்கிங்குகள் திரும்ப வந்தன. காலைப் பேக்கப்புக்குப் பிறகு ஏறியவை மட்டும் இல்லை. அவற்றை ஈமெயிலில் தேடி எடுத்து, அந்தக் குடும்பங்களுக்கு மேடமும் நானும் பிரித்துக்கொண்டு போன் செய்தோம். பேசுவதில் எனக்குப் பயம் இல்லை. காரில் மலை ஏறிக்கொண்டிருந்த ஒருவர், “எதற்கு இத்தனை மன்னிப்பு கேட்கிறீர்கள்? ரூம் இருக்கிறதல்லவா?” என்று சிரித்தார். எட்டு மணிக்கு எல்லாம் சரியாகியிருந்தது.

ஆனால் வேலை முடியும்போது மேடம் ஒன்று சொன்னார். “நீங்கள் காப்பாற்றினீர்கள், நன்றி. அந்த ஆளைப் பற்றி நான் திங்கட்கிழமை முடிவெடுக்கிறேன். பார்த்ததை எல்லாம் நீக்குகிறவரை எப்படி வைத்துக்கொள்வது?”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். “சரி மேடம்” என்றுதான் வந்தது.

மறுநாள் சர்ச்சில் குழந்தையின் தலையில் தண்ணீர் விட்டபோது அது வீரிட்டு அழுதது, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி நின்றேன். நெஞ்சுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மெசேஜை அவர் மேடத்திடம் காட்டியிருப்பாரா? காட்டியிருந்தால் மேடம் என்னிடம் ஏன் கேட்கவில்லை? காட்டவில்லை என்றால் அவரும் என்னைப் போலப் பயந்து போய்த் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறாரா? பிரியாணி சாப்பிட்டு எல்லாரும் போன பிறகு அண்ணனிடம் முழுதும் சொன்னேன்.

“நீ சொன்னா உன் வேலை பூடுமா?”

“போகலாம். இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்கேன்.”

“சொல்லலன்னா?”

“அந்த ஆளுக்குப் போகும்.”

அவன் பந்தல் சேர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். “நீ சின்ன வயசுலயே எதையும் வவுத்துல வெச்சிக்க மாட்ட. காய்ச்சல் வந்துடும் உனக்கு,” என்றான். சேர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை வீடியோவில் மேடம், மேனேஜர், நான். வணக்கம் சொன்ன கையோடு சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். அந்த மெசேஜைத் திரையில் காட்டினேன். எனக்குக் கோடு போடும் இடங்கள் சரியாகத் தெரியாது, கீபோர்டிலும் பிடிபடவில்லை, அதனால் போடாமல் விட்டேன், அவர் என் உத்தரவைத்தான் செய்தார் என்றேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேடம் திரையருகே குனிந்தார். பிறகு அந்த இரண்டு சொல்லையும் சத்தமாகப் படித்தார், கோடு இல்லாமல், உத்தரவு போல. “ஆமாம். இது உத்தரவுதான்,” என்றார். “இதை அவர் என்னிடம் காட்டவே இல்லை.” அடுத்து, “நீங்கள் பிரெஞ்சை எந்தக் கீபோர்டில் அடிக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். A, Q, காத்திருக்கும் மேற்கோள் குறி, மாற்றி மாற்றி அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை போகவில்லை. ப்ரொபேஷன் மூன்று மாதம் நீண்டது. அதுவரை என் பிரெஞ்சு மெசேஜ் எல்லாம் அவர் பார்த்த பிறகே போக வேண்டும். அந்த வாரத்துக்குள் நான் ஒரு கீபோர்டு அமைப்பைத் தேர்ந்து, அதை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். உயிர் வந்தது என்று சொல்ல முடியாது. மூன்று மாதமும் ஒவ்வொரு காலையும் ஈமெயிலைத் திறக்கப் பயந்துகொண்டேதான் இருந்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் முழுக்க நான் அடிப்பதை எண்ணிப் பார்த்தேன். புரோகிராம் குறிகள்தான் மலை போல. பிரெஞ்சில் é எக்கச்சக்கம், மற்ற கோடுகள் கொஞ்சம். அதனால் எல்லாம் நம் ஊர் கீபோர்டு போலவே இருந்து, வலது Alt-ஐப் பிடித்தால் மட்டும் கோடு போடும் அமைப்பை எடுத்துக்கொண்டேன். வலது Alt-ஓடு e, é விழும். மேற்கோள் குறி யாருக்காகவும் காத்திருக்காது, அழுத்தினால் உடனே விழும். இரண்டாவது அமைப்பை லேப்டாப்பிலிருந்தே நீக்கிவிட்டேன். வலது கட்டைவிரலுக்குப் பழக இரண்டு வாரம் பிடித்தது. எந்தச் சொல்லுக்கு எந்தக் கோடு என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் கணவர் இருந்தால், “யாரைத் திட்டற?” என்பார்.

அந்த மனிதருக்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதும் இல்லை. பரவாயில்லை என்று ஒரே வரி பதில் வந்தது. இப்போதும் நாங்கள் சேர்ந்துதான் வேலை பார்க்கிறோம். என் மெசேஜில் எல்லாக் கோடும் சரியாக இருக்கும், மேடம் பார்ப்பதும் நின்றுவிட்டது. இருந்தாலும் நீக்கு என்ற சொல் வந்துவிட்டால், அவர் எதையும் தொடுவதற்கு முன்னால் எனக்கு எழுதிக் கேட்பார்: இது தகவலா, உத்தரவா? ஒரு தடவைகூட அவர் கேட்காமல் விட்டதில்லை. நானும் உடனே பதில் எழுதுவதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்த ஒரு சொல்லை அடிக்கிறேன்.